பக்கத்தில் இருந்த சிங்கப்பூர்

உலக வரைபடத்தையே நகர்த்தி வைக்கும் தைரியம், நான் பார்த்தவரை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இட்லிக் கடை போட்டிருக்கும் சிங்கப்பூர் அக்காவுக்கு. அவர் சிங்கப்பூரைப் பார்த்ததில்லை. திருச்சியைத் தாண்டியதும் இல்லை. கணவர் அங்கே கட்டட வேலையில் இருந்ததால் அந்தப் பெயர்.

“மெட்ராசுதாங்க தூரம். சிங்கப்பூர் பக்கம்” என்பார், இட்லித் துணியை உரித்துக்கொண்டே. “திருச்சில பிளேன் ஏறுனா நாலு மணி நேரம். மெட்ராஸ் பஸ்ஸு நாலு மணி நேரத்துல எங்க நிக்கும்? எங்கயாவது டீ குடிச்சிக்கிட்டு நிக்கும்.”

நான் அரியலூரிலிருந்து தினமும் பெரம்பலூருக்கு வேலைக்கு வருகிறவன். ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “மூவாயிரம் கிலோமீட்டர் இருக்குமேக்கா, நடுவுல கடல் வேற” என்றேன்.

“கடல்ல லாரி ஓடுதா? நீங்க தெனமும் சிமென்ட் லாரிக்குப் பின்னாடியே ஊந்து வர்றீங்க. நீங்க தூரத்தப் பத்திப் பேசுறீங்க.”

அன்றைக்கு எனக்குச் சட்னி கொஞ்சம் குறைவாகத்தான் விழுந்தது.

மகளைச் சென்னைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டுக் கண்கலங்கிய ஒருவருக்கு அக்கா சொன்ன ஆறுதலையும் கேட்டிருக்கிறேன். “சிங்கப்பூருக்கு அனுப்பிருந்தீங்கன்னா பக்கத்துலயே இருந்திருக்கும்.” அந்த மனிதர் பாதி இட்லியோடு எழுந்து போனார்.

போன வருஷம் அக்காவின் கணவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் நன்றாக முடிந்தும் மனிதர் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை என்று கூட வேலை செய்பவர்கள் போன் செய்தார்கள். அக்கா அடுப்பை அணைத்தார். என்றைக்கோ எடுத்த பாஸ்போர்ட் அரிசி டப்பாவிலிருந்து வெளியே வந்தது. விசாவுக்கு அந்த நண்பர்களே அலைந்தார்கள்.

“தனியா போயிருவீங்களாக்கா?”

“பக்கத்துலதானேங்க” என்றார். பாஸ்போர்ட்டை முந்தானையில் முடிந்து, மறுபடி அவிழ்த்துப் பார்த்தார்.

கணவரைக் கூட்டிக்கொண்டு திரும்பி, கடையைத் திறந்த அன்று விசாரித்தேன்.

“மேல போனதுமே கையெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. இன்னும் எவ்ளோ நேரம்மான்னு அந்த ஏர்ஹோஸ்டஸ் புள்ளைகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். கடைசில அது வந்து என் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்துருச்சு. வாயால சொல்லத்தான் சார் நாலு மணி நேரம். இத்தன வருசமா அவ்ளோ தூரத்துலயா இருந்தாரு மனுசன்?”

மீதியைக் கணவர் சொன்னார். “வார்டுக்குள்ள வந்தா. என் கஞ்சிய ஒரு வாய் ருசி பாத்தா. ‘உப்பில்லாம ஒரப்பில்லாம இத எவன் திம்பான்’னு சத்தம் போட்டா பாருங்க, நர்சு ஓடி வந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு சார். அப்புறந்தான் பசிச்சது.”

ஒரு பெண் முன்பின் தெரியாத ஊரில் தனியாக இறங்கி, ஆஸ்பத்திரியையே அதட்டி, புருஷனை மீட்டு வந்திருக்கிறார். நான் இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை.

இப்போது கணவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறார். தோல் காற்றில் பறக்கிறது என்று அக்கா திட்டுகிறார். எனக்கு இப்போதெல்லாம் காலைச் சாப்பாடு வீட்டிலேயே ஆகிவிடுகிறது. ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கியதும், அந்த இருவரையும் ஒரே இடத்தில் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸுக்குப் போகிறேன்.