பச்சையாரும் பிரிட்ஜ் மந்திரமும்

தெரு முழுக்கச் சுவர்களுக்குக் குடை பிடித்திருந்தார்கள். ஆட்கள் வெயிலில் காய்ந்தார்கள், சுவர்கள் நிழலில் சொகுசாக இருந்தன. சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வீடு வாளியும் செம்புமாக வெளியே வந்து சுவரைக் குளிப்பாட்டினார்கள். குளிப்பாட்டி முடித்ததும் சுவரில் காதை வைத்து, கண்ணை மூடி, பெரிய விஷயம் ஒன்று காதில் விழுந்த மாதிரி தலையாட்டினார்கள். என்ன கேட்டது என்று விசாரித்தால், "கேட்டுச்சு, ஆனா வெளிய சொல்லக்கூடாது" என்பார்கள். சுவர் மட்டும் அந்த ரகசியத்தைக் கடைசிவரை சொல்லவே இல்லை, பாவம்.

எல்லாம் பச்சையார் வந்த பிறகு நடந்த கூத்து.

அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் ஒரே அச்சு. வெளிச்சுவர் முழுக்க வெள்ளைவெளேரென்று பிளாஸ்டிக் பலகை அடித்திருக்கும். அந்த வருஷ மழைக்காலத்தில் மழை விடாமல் பெய்தது. வெயில் எட்டிப் பார்க்காத பக்கத்துப் பலகைகளில் பாசி படர்ந்தது, இடுக்குகளில் பூஞ்சை கரும்புள்ளி வைத்தது. ஈரமும் நிழலும் இருந்தால் பாசி வரும் என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைப் படித்து நல்ல மார்க் வாங்கியவர்கள்தான் அங்கே குடியிருந்தார்கள். பச்சை அங்கி போட்ட ஒருவர் வந்து ஒரு சுவரைத் தடவி, விரலை மோந்து பார்த்து, "வீடு அழுகிறது" என்றார். மார்க்கெல்லாம் அன்றோடு சரி.

பச்சையாரின் தத்துவம் எளிமையானது. வீட்டுக்கு ஆகாத ஆள் உள்ளே இருந்தால் வீடு பச்சையாக அழும். தினமும் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் பால் கலந்து ஊற்றி, வெயில் படாமல் காத்துவந்தால் அழுகை அடங்கும். தெருவே ஊற்றியது. பச்சை அடங்கவில்லை, கொழுத்தது. பாலும் தண்ணீரும் நிழலும் கொடுத்து வளர்த்தால் எதுதான் கொழுக்காது? அப்புறம் பச்சையாரே கேனோடு வந்து மந்திரத் தண்ணீர் தெளிப்பார். பலகை பளிச்சென்று வெளுக்கும். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

காசை அவர் விரலாலும் தொடமாட்டார். பச்சைக்கு மாற்று வெள்ளை, ஆகவே வெள்ளைப் பொருள் எதையாவது கொடுத்தால் போதும் என்பார். பிரிட்ஜ் போயிற்று, வாஷிங் மெஷின் போயிற்று, ஒரு வீட்டில் கதவே போயிற்று. தெருக்கோடி டிரைவிங் ஸ்கூல்காரர் தன்னிடம் வெள்ளையாக ஒன்றும் இல்லையே என்று மனம் நொந்து, கறுப்பு ஸ்கூட்டருக்கு வெள்ளையடித்துக் கொடுத்தார். பச்சையார் பெயின்ட் காயும்வரை பெருந்தன்மையோடு காத்திருந்து ஓட்டிக்கொண்டு போனார்.

தெளிக்கும்போது துணியில் சிந்திய இடமெல்லாம் வெள்ளைப் பொட்டு விழுந்தது. "பாவம் வெளியேறிய தடம்" என்று அதற்கும் ஒரு விளக்கம். அதிலிருந்து ஜனங்கள் இருக்கிறதிலேயே கருநிறமான சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு முண்டியடித்தார்கள். பொட்டு அதிகம் விழுந்தவர் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். விழாதவருக்குச் சம்பந்தம் பேசுவதிலேயே சிக்கல் வந்தது.

இந்தக் கூட்டத்தில் சேராத ஒரே ஆள் கண்ணாடி அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள் என்பதால் அந்தப் பெயர். அடிக்கிற புருஷனிடமிருந்து ஒற்றைப் பெட்டியோடு கிளம்பித் தம்பி வீட்டுக்கு வந்தவள். அந்த வீட்டுப் பின்னறையை விட்டால் தலை சாய்க்க அவளுக்கு வேறு இடம் கிடையாது.

தம்பி பேட்டரித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். சோதிக்காமல் ஒரு பேட்டரியை வெளியே விடமாட்டார். வீட்டுக்கு வந்தால் எதையும் சோதிக்கமாட்டார். வீட்டு பிரிட்ஜைப் பச்சையாருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பால் பாக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் குடிக்கிற மனிதர்.

அவர் ஒருநாள் பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. பச்சையார் நம்ம சுவரப் பார்த்தாரு."

"பார்த்து?"

"வீட்டுக்கு ஆகாத ஆள் யாருன்னு சுவரே சொல்லிடுச்சாம்."

"பேரச் சொல்லிச்சா?"

"பேரெல்லாம் சொல்லாதாம். 'வந்து சேர்ந்தது'ன்னு மட்டும் சொல்லிச்சாம்."

"எல்லாரும் வந்து சேர்ந்தவங்கதான்டா. இந்த வீட்ட வாங்கறதுக்கு முன்னாடி நீ மட்டும் இதுக்குள்ளயா இருந்த?"

தம்பி தரையைப் பார்த்தார். "நீ வந்த மாசத்துலேர்ந்துதான் பச்சை. அவரு சொல்றதுக்கு முன்னாடியே எனக்கே அது தோணிச்சு."

அக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஊரில் திரிகிற ஒரு ஏமாற்றுக்காரன் சொன்னால் சிரித்துவிடலாம். இவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"ஞாயித்துக்கிழமை வந்து சுவர வெளுக்க வைக்கிறாரு. அப்புறமும் நீ இருந்தா மறுபடி அழுமாம். அத்தான்கிட்ட நான் பேசறேன்க்கா. முன்ன மாதிரி கை நீட்ட மாட்டாருன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"பச்சையாருதான்."

"ஓ! அத்தான் வீட்டுச் சுவரும் பேசிச்சாமா?"

தம்பி நகர்ந்தார். கதவோரம் நின்ற அவர் மனைவி நாத்தனாரை ஒரு தடவை பார்த்துவிட்டு, வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுற்றிக் கறுப்புச் சட்டையும் கருநீலப் புடவையுமாகக் கூட்டம். பச்சையார் வந்து சுவரடியில் நின்று, பட்டுத் துணி சுற்றிய கேனைத் திறந்தார். குப்பென்று ஒரு நெடி மூக்கில் ஏறியது. "தெய்வ வாசனை. நன்றாக இழுங்கள்" என்றார். இழுத்தார்கள். இருமினார்கள். "பாவம் இருமலா வெளிய வருது!" என்று ஒரு பெண்மணி கண்ணீர் விட்டாள். கண்ணீர் வராமல் என்ன செய்யும், அந்த நெடிக்கு!

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பக்கத்தில் வந்ததுமே மூக்கு அவளுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது.

"சாமி, ஒரு சந்தேகம். சக்தி தண்ணியிலயா, மந்திரத்துலயா?"

"மந்திரத்தில்! தண்ணீர் வெறும் வாகனம். என் வாய் படும்வரை இதுவும் சாதாரணத் தண்ணீரே."

"இதுல இன்னும் வாய் படலையே?"

"இல்லை."

"அப்ப நல்லதாப் போச்சு. எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியில நீங்க மந்திரம் போடுங்க. உங்க கேன் தண்ணியில நான் எதையாவது படிக்கிறேன். ஆளுக்கொரு பலகை. உங்க பலகை வெளுத்தா, நானே பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பறேன். என் சம்பளத்துல வாங்கின அலமாரியையும் எடுத்துக்குங்க. வெள்ளை அலமாரி."

பச்சையாரின் கண் ஒரு கணம் பின்னறை ஜன்னல் வழியே அலமாரிப் பக்கம் போய்வந்தது. "நீ கேனைத் தொட்டால் தீட்டு" என்றார்.

"நான் தொடல. என் தம்பி ஊத்தட்டும். சோதனை பண்றதுக்குன்னே சம்பளம் வாங்கற ஆளு."

கூட்டம் 'ஆகட்டும் ஆகட்டும்' என்றது. பக்திக்கூட்டம்தானே, மந்திரம் ஜெயிக்கும் என்று அதற்குச் சந்தேகமே இல்லை. பச்சையாரால் மறுக்கவும் முடியவில்லை. "ஹூம் க்ரூம் பச்சம் பச்சம்" என்று தொண்டை வறள ஓதி, குழாய்த் தண்ணீரை இடது பலகையில் விசிறியடித்தார். பாசி குளித்துவிட்டு இன்னும் பசுமையாகச் சிரித்தது.

"சுவர் கூச்சப்படுகிறது. எல்லாரும் திரும்பி நில்லுங்கள்!"

எல்லாரும் திரும்பி நின்றார்கள், ஒரு சுவரின் மானத்தைக் காப்பாற்ற! திரும்பாமல் நின்றவள் அக்கா ஒருத்திதான். மறுபடி ஓதினார், மறுபடி விசிறினார். சுவருக்குக் கூச்சம் தெளியவே இல்லை.

அக்கா இடுப்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். பிரிட்ஜ் போய்விட்டது, அதோடு வந்த விளக்க அட்டை வீட்டில் கிடந்தது. பச்சையாரின் அதே ராகத்தில் அவள் இழுத்தாள்.

"பெட்டியைச் சுவரை விட்டுத் தள்ளி வைக்கவும்... ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள்... முட்டைகளை முட்டைத் தட்டில் மட்டுமே வைக்கவும்..."

ராகம் பழகிய ராகம். கூட்டம் தன்னையறியாமல் "ஹூம்" போட்டது. தம்பி கேனைச் சாய்த்து வலது பலகையில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் பச்சை மங்கியது, பழுப்பானது, கரைந்து வழிந்தது. பலகை பளிச்சென்று நின்றது.

கடையில் கண்ணுக்கு லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிற அதே குரலில் அக்கா கேட்டாள். "இது வெளுப்பா, அது வெளுப்பா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"அதுதான்!" என்று வலது பக்கம் கை நீட்டியது கூட்டம்.

இனி புத்தி வந்துவிடும் என்று நினைப்பீர்கள். நெடியில் அழுத பெண்மணி ஓடிவந்து அக்காவின் காலில் விழுந்தாள். "தாயே! அந்த முட்டைத் தட்டு மந்திரத்த எனக்கும் எழுதிக் குடுங்க!" டிரைவிங் ஸ்கூல்காரர் கைகட்டி நின்று, "எங்கிட்ட ஸ்கூட்டர் புக் இருக்கும்மா. அத ஓதினாலும் பலிக்குமா?" என்றார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "டேய் தம்பி, இன்னொரு பலகையில ஊத்து. எல்லாரும் வாய மூடுங்க. யாரும் ஒண்ணும் ஓதக்கூடாது!"

தம்பி ஊற்றினார். தெருவில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்தப் பலகையும் வெளுத்தது.

"இப்ப யாரு மந்திரம் போட்டது? பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணிங்க இது! கக்கூஸ் கழுவறதுக்கு ஊத்தறீங்களே, அதேதான்!"

தம்பி தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பொட்டுப் பொட்டாகச் சாயம் போயிருந்தது. பெருமையாகப் போட்டுக்கொண்டு தொழிற்சாலைக்கே போய்வந்த சட்டை. அவர் முகத்தில் அசடு வழிந்தது. ஒவ்வொருவராகத் தத்தம் துணியைப் பார்த்துக்கொண்டார்கள்.

பச்சையார் லேசில் விடுகிற ஆள் இல்லை. "வெளுத்தது எதனாலோ இருக்கட்டும்! பச்சை வந்தது எதனால்? இவள் காலடி வைத்த மாதம்தானே வந்தது! கேளுங்கள் இவள் தம்பியை!"

கூட்டம் மறுபடி அக்கா பக்கம் திரும்பியது. தம்பியும் திரும்பினார். அவள் அண்ணாந்து மொட்டைமாடியைப் பார்த்தாள்.

"உள்ள போய் மோட்டாரப் போடும்மா" என்றாள் தம்பி மனைவியிடம்.

அந்தப் பெண் புருஷனைத் திரும்பிப் பார்க்காமல் போய் சுவிட்சைப் போட்டாள். மொட்டைமாடித் தொட்டி ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தது. சற்றைக்கெல்லாம் மேலேயிருந்து தண்ணீர் கொட்டி, பச்சைத் தாரை எங்கெங்கே இருந்ததோ அங்கங்கே பிசகாமல் சுவரில் வழிந்தது. நேர் கீழே நின்ற பச்சையார் தலையிலும் இறங்கியது. அங்கி மட்டமான துணி போலிருக்கிறது. சாயம் ஒழுகி, மனிதர் பச்சைக் குட்டைக்குள் நின்றார்.

"தொட்டி நிறைஞ்சா மோட்டார நிறுத்தற சுவிட்ச் கெட்டுப் போச்சு" என்றாள் தம்பி மனைவி. அவள் இவ்வளவு பலமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "அண்ணி வந்த அதே மாசம். மழை வேற. சரி பண்ணுங்க, சரி பண்ணுங்கன்னு தொண்டை வத்தக் கத்தறேன். சுவரு சொன்னாத்தான் இவருக்குக் கேக்கும்!"

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு தெருவே சிரித்தது. பச்சையார் நைசாக ஸ்கூட்டர் பக்கம் நழுவினார். டிரைவிங் ஸ்கூல்காரர் அதன் சாவியை ஏற்கெனவே பிடுங்கிவிட்டிருந்தார். ஆளாளுக்கு எங்கே என் பிரிட்ஜ், எங்கே என் கதவு என்று சூழ்ந்துகொண்டார்கள்.

தம்பி அக்காவின் அருகில் வந்தார். "அக்கா... உள்ள வாக்கா. அது உன் ரூம்தான்."

"அது எனக்குத் தெரியும். நீ பிரஷ்ஷ எடுத்துட்டு வந்து மிச்சப் பலகையத் தேய்" என்றாள் அக்கா. கண் கலங்கியிருந்தது. பிளீச்சிங் நெடியால் இல்லை, ஆத்திரத்தால். அவள் கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

"ஒரு பொண்ண வீட்ட விட்டுத் துரத்தறதுக்கு எத்தன குடை பிடிச்சீங்க, எவ்வளவு பால ஊத்துனீங்க, எத்தன தடவ சுவத்துல காத வச்சீங்க! தண்ணி எங்கேருந்து வருதுன்னு ஒரே ஒரு தடவ அண்ணாந்து பார்க்க, இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் கழுத்து வளையலையே!"