பன்னீர் அதிகமாகத் தெளித்த காரணம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சீனிவாசகம் அண்ணாச்சிக்கு, திருத்தங்கல் கனகசபாபதி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், மனைவி ஞானசுந்தரி, மகள் ஹர்ஷினி மூவரும் சுகம். நான் புரூப் பார்த்த காலண்டர்தான் சுகமில்லை.

பெண் பார்க்க வந்த அன்று, "தேய்பிறையில ஒரு மூடை மிளகாய் வத்தல்கூட எடுக்க மாட்டேன், எம் மகன் நிச்சயத்தையா வைப்பேன்?" என்றீர்கள். நானும் எங்கள் அச்சகத்துத் தினசரி காலண்டரில் ஒன்பதாம் தேதி, வளர்பிறை முகூர்த்தம் என்று விரல் வைத்துக் காட்டினேன். இருபத்தாறு வருஷமாக இதைத் திருத்துகிற கை என்று பெருமை வேறு பேசினேன். ஒன்பதாம் தேதி காலை ஏழரைக்கு உங்கள் வேன் எங்கள் வாசலில் நின்றபோது, எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் பீர் முகைதீன் என் காதருகே வந்து, "அண்ணாச்சி, மேக்க பாருங்க. வளர்பிறைன்னா இந்நேரம் நிலா அங்கன எப்படி நிக்கும்? நாங்க மாசா மாசம் பிறை பாக்குற ஆளுக. இது தேயிற நிலா" என்றார். பார்த்தேன், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வெளிறிப்போய் நின்றது. நீங்கள் நிமிர்ந்து பார்த்துவிடக் கூடாதே என்றுதான் உங்கள் முகத்தில் அத்தனை பன்னீரை அடித்தேன். கண் எரிந்ததற்கு மன்னிக்க வேண்டும்.

போன வருஷத் தாளைத் திருத்தித்தான் புது வருஷத் தாள் செய்கிறோம். சீசன் அவசரத்தில் தேதியையும் கிழமையையும் மாற்றியவன் பிறையை விட்டுவிட்டேன். அந்த ஒரு தாள்தான் தப்பு. இத்தனை வருஷமும் அமாவாசைக்குக் கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு வெள்ளை வட்டம் என்று சரிபார்த்தேனே ஒழிய, ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. இப்போது தினமும் பார்க்கிறேன். அமாவாசைக்கு என் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறேன்; அதே நாளை நிறைந்த நாள் என்று சொல்லிக் கம்பெனியில் புது மிஷினுக்குப் பூஜை போடுகிறார்கள். நிலாவே இல்லாத நாளை நிறைந்தது என்கிற நாம், தேய்கிற நிலாவுக்கு மட்டும் ஏன் பயப்படுகிறோம் என்று தெரியவில்லை. ஆனாலும் அது உங்கள் நம்பிக்கை. அதை ஏமாற்றி என் பெண்ணை உங்கள் வீட்டுக்கு அனுப்ப மனசு வரவில்லை. அன்று மாப்பிள்ளை ராம்குமாரைப் பார்த்து ஹர்ஷினி சிரித்த சிரிப்பில்தான் வாயை மூடிக்கொண்டேன்.

பெரிய மனசு பண்ணி, அடுத்த மாதம் எட்டாம் தேதி, நல்ல வளர்பிறை, மறுபடி வந்து தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் வியாபாரம் பெருகவும் மாப்பிள்ளை நீடூழி வாழவும் எங்கள் ஊர்ப் பெருமாளை வேண்டும்,

கனகசபாபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஞானசுந்தரி கடிதத்தை வாங்கிப் படித்தாள். "ஏங்க, ஒம்பதாந் தேதி தேய்பிறைன்னா, இருபத்தொம்பது நாள் கழிச்சு எட்டாந் தேதி, நிலா ஒரு சுத்து முடிஞ்சு மறுபடி தேய்பிறைதான வரும்? எதைப் பாத்து எழுதுனீக?" என்றாள். அதே காலண்டரைப் பார்த்துத்தான். ஒரு தாள் இல்லை, அடுத்த மாதமும் தப்பு. எட்டாம் தேதியை அடித்துவிடுங்கள். இனி நான் தேதி சொல்லவில்லை. அமாவாசை கழிந்து, சாயங்காலம் மேற்கே பிறை உங்கள் கண்ணில் பட்டால், மறுநாள் காலை இதே வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பேன். வேன் வராவிட்டால், ஹர்ஷினிக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.