எழவு வீடுகளில் ஒரு வயிற்று ஆராய்ச்சி

ஆண்டவன் படைப்பில் எறும்புக்குக்கூட ஒரு வேலை வைத்திருக்கிறான். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களில் ஓர் இனம் உண்டு; அதற்கு என்ன வேலை வைத்தான் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன மறுநாளே, கையில் ஆப்பிளும் வாயில் புள்ளிவிவரமுமாகக் கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்காருகிறாரே, அவரேதான். டாக்டர்கள் பத்து வருஷம் படித்து, ஆயிரம் பேரை அறுத்து, அறுத்தவர்களை வருஷா வருஷம் வரவழைத்துச் சோதித்து எழுதி வைத்த பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள். இவருக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. எழவு வீடு போதும்.

எங்கள் ஓசூர் சிப்காட்டில் இவர் பெயர் வெள்ளைச்சாமி. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக லேத் ஓட்டுகிறார். பொய்யே சொல்லமாட்டார், கஷ்டமே அதுதான். ஊத்தங்கரையிலிருந்து உத்தனப்பள்ளி வரை எங்கே சங்கு ஊதினாலும் மாலையோடு போய், பந்தலில் உட்கார்ந்து, என்ன நோவு, எங்கே அறுத்தார்கள், எத்தனை நாள் தாங்கினார் என்று ஒவ்வொருவராக விசாரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புவார். எந்த டாக்டர் இப்படி உழைக்கிறார்?

அவரோடு வேலை பார்க்கும் ராமப்பனுக்கு இரைப்பையில் புற்றுநோய். பெங்களூர் ஆஸ்பத்திரியில் மறுநாள் ஆபரேஷன். பாதி இரைப்பையை எடுத்தால் பிழைக்கலாம், தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. கையெழுத்துதான் பாக்கி. அப்போது வந்தார் வெள்ளைச்சாமி.

"ராமப்பா, நான் விசாரிச்ச வரைக்கும் வயித்த அறுத்தவுக பதினாலு பேரு. பதினாலு பேருமே போய்ட்டாய்ங்கப்பா!"

ராமப்பன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வூட்டுக்குப் போயிரலாம் கெம்பம்மா."

மனைவி கெம்பம்மா வெள்ளைச்சாமி பக்கம் திரும்பினாள். "ஏண்ணா, அந்தப் பதினாலு பேரை எங்க பாத்தீங்கோ?"

"எழவு வீட்லதாம்மா."

"பொழச்சவங்க எழவு வூட்ல எதுக்குண்ணா படுத்திருக்கப் போறாங்க?"

வெள்ளைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொழச்சவுக வீட்டுக்கு என்னம்மா சொல்லிட்டுப் போறது?"

கெம்பம்மா இருவரையும் கீழ்த்தளத்துக்கு இழுத்துப் போனாள். ஆபரேஷன் முடிந்து வருஷங்களானவர்கள் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த கூடம் அது. அறுபது பேர் இருக்கும். அழுகை இல்லை, மாலை இல்லை; நாற்காலிக்குச் சண்டைதான். கெலவரப்பள்ளி முனிலட்சுமி இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"சுனாமி வந்த வருசம் அறுத்தாங்க. முக்கா வயிறு இல்ல. கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை திங்கறேன். டாக்டருங்க ஏதோ ஆராய்ச்சி பண்றாங்களாம், வருசத்துக்கு ஒருக்கா வந்து உசுரோட இருக்கறேன்னு காட்டிட்டுப் போவணும்."

ராமப்பன் மாடிக்கு ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளைச்சாமி கூடத்திலேயே நின்று ஒவ்வொரு நாற்காலியாக எண்ணினார். இத்தனை பேர் உயிரோடு இருப்பதை அவருடைய ஆராய்ச்சி தாங்குமா? மெல்ல முனிலட்சுமியிடம் குனிந்தார். "தாயி, ஒங்க வீட்டு அட்ரஸு குடு."

"எதுக்குண்ணா?"

"பின்னாடி தேவைப்படும்ல!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் ஒரு நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து, "இதே நோவுதான் எங்க சித்தப்பாவுக்கும்" என்று ஆரம்பித்தீர்களே, அந்தச் சித்தப்பா இப்போது எங்கே இருக்கிறார்?