டச்சுக் கப்பலும் கரித்துணியும்

பாதி படித்தவனைப் போல அடித்துப் பேசுகிறவன் உலகத்தில் கிடையாது. முழுக்கப் படித்தவன் கொஞ்சம் தயங்குவான். ஒன்றும் படிக்காதவன் சும்மா இருப்பான். எனக்கு இருபத்து மூன்று வயதில், பழைய கண்ணாடிப் போத்தல்களைப் பற்றிய ஆறு பக்கக் கட்டுரையில் ஐந்து பக்கம் தெரிந்திருந்தது.

மெர்டேகா, அதாவது மலாயாவின் சுதந்திரம், நெருங்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. எங்கள் ஆபீஸ் வெள்ளைக்காரத் துரை ஊருக்கு மூட்டை கட்டியபோது, ஒரு பெட்டி நிறையப் பத்திரிகைகளை விட்டுவிட்டுப் போனார். மற்றவர்கள் அவருடைய நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் பாய, நான் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டேன். (நாற்காலிக்கும் பாய்ந்து பார்த்தேன், கிடைக்கவில்லை.) அதில் ஒன்றில்தான் அந்தக் கட்டுரை இருந்தது: தண்ணீருக்கடியில் கிடைக்கும் போத்தலின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

விஷயம் எளிது. அச்சில் வார்த்த போத்தலின் பக்கவாட்டில் தையல் போட்டதுபோல் ஒரு கோடு ஓடும். அது வாய்விளிம்பு வரை ஏறினால் இயந்திரத்தில் செய்த புதுப் போத்தல். கழுத்தோடு நின்றுவிட்டால் பழையது. கோடே இல்லாமல் அடியில் முறிந்த தழும்பு ஒன்று இருந்தால், ஆள் வாயால் ஊதிச் செய்தது, இன்னும் பழையது. இவ்வளவு தெரிந்த பிறகு ஆறாவது பக்கம் எதற்கு என்று மூடி வைத்தேன்.

இந்த ஞானத்தை நான் யாரிடம் காட்டியிருந்தாலும் பாதகமில்லை. காட்டியது மலாக்காவில் காஜா பேராங் பக்கம் குடியிருந்த முத்தையாவிடம். அவர் மராமத்து இலாகாவில் ஸ்டோர் கீப்பர், பழைய நாணயம், பழைய பூட்டு என்று சேர்ப்பவர். அவருடைய மகள் லெட்சுமியை நான் கட்டிக்கொள்ள விரும்பினேன். லெட்சுமிக்கும் சம்மதம். ஆனால் நான் தற்காலிகக் குமாஸ்தா. புக்கிட் ரம்பாயிலிருந்து நிரந்தர வேலைக்காரன் ஒருவன் பெண் கேட்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று லெட்சுமி பஸ் ஸ்டாப்பில் சொன்னாள்.

சனிக்கிழமை கிளேபாங் கடலில் மூழ்கி ஒரு போத்தலை எடுத்தேன். (மூழ்கி என்றால் இடுப்பளவுத் தண்ணீர். காலில் தட்டியது, குனிந்து எடுத்தேன்.) கழுத்து முதல் அடி வரை சிப்பி அப்பியிருந்தது. தடவிப் பார்த்தேன், கோடு இல்லை. அடியில் ஏதோ முறிந்த தழும்பு. தக்கையின் மேல் பூப்போட்ட துணி கட்டியிருந்தது. சிப்பி இடுக்கு வழியாகப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஏதோ ஆடியது. டச்சுக் கப்பல், கேப்டனின் ஒயின், அவன் மனைவியின் பட்டு என்று கரைக்கு வருவதற்குள் எல்லாம் எனக்குத் தெளிவாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முத்தையா போத்தலை மேசையில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் கால் மணி நேரம் பேசினேன். இருநூறு வருஷத்துக்குக் குறையாது என்று முடித்தபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில் புக்கிட் ரம்பாய்க்காரன் ஊர் போய்ச் சேர்ந்திருந்தான்.

அப்போதுதான் லெட்சுமியின் அம்மா காப்பி கொண்டுவந்தார். அவர் மலாக்கா செட்டி வீட்டுப் பெண். சாமி கும்பிடுவதெல்லாம் நம்மைப் போலத்தான், பேச்சு மட்டும் மலாய். காப்பியை வைத்தவர் போத்தலைக் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் அடுப்படிக் கரித்துணி. அதைப் போத்தலின் பக்கத்தில் விரித்து வைத்தார்.

இரண்டிலும் ஒரே பூ. ஒரே நீலக் கரை.

பிறகு மலாயில் நிதானமாகப் பேசினார். எனக்கு மலாய் நன்றாகவே தெரியும். அன்று மட்டும் தெரியாமல் போய்விட்டது. முத்தையா மொழிபெயர்த்தார்.

"தம்பி, அது இவ இடுப்புல கட்டின சாரோங்காம். கிழிஞ்சதும் பாதியைக் கரித்துணி ஆக்கிட்டா, மீதியை போத்தல் வாய்க்குக் கட்டினாளாம்."

நான் போத்தலை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

"உள்ள இருக்கிறது சிஞ்சாலோக்காம். நாலு மாசத்துக்கு முன்னால இவ தம்பி படகுக்குக் கொடுத்துவிட்டது, தண்ணில விழுந்துருச்சாம்."

சிஞ்சாலோக் என்பது பொடி இறாலை உப்பும் சோறும் போட்டுப் புளிக்க வைப்பது. மலாக்காவில் தேவாமிர்தம். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அதன் வாடையே ஆகாது.

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்திருக்கலாம். ஐந்து பக்கம் படித்தவன் அப்படியெல்லாம் எழுந்திருப்பானா? டச்சுக்காரர்களும் இங்கே இந்த மாதிரிப் பூப்போட்ட பாத்தேக் துணி வாங்கியிருக்கலாமே என்று வாதாடினேன். உள்ளே இருப்பது ஒயின்தான், இதோ பாருங்கள் என்று போத்தலை மடியில் இடுக்கித் தக்கையைத் திருகினேன்.

நாலு மாதம் புளித்தது உள்ளே எவ்வளவு காற்றை அடைத்து வைத்திருக்கும் என்று கட்டுரையில் இல்லை. தக்கை கூரையில் அடித்தது. பாதி சிஞ்சாலோக் என் சட்டையிலும், கொஞ்சம் முத்தையாவின் கண்ணாடியிலும், இன்னும் கொஞ்சம் சுவர்க் காலண்டரிலும் போய் உட்கார்ந்தது. கதவுக்குப் பின்னால் லெட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பது கேட்டது. செத்துவிடலாம் போல இருந்தது.

அம்மா சலனமில்லாமல் போத்தலை வாங்கினார். விளிம்பில் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கெடவில்லை என்றார். பிறகு தேங்காய் நாரால் சிப்பிகளைத் தேய்த்து எடுத்து என் முன்னால் வைத்தார். தையல் கோடு வாய்விளிம்பு வரை ஜம்மென்று ஏறியிருந்தது. அடியில் நான் தழும்பு என்று கண்டது உடைந்த சிப்பி. அதன் கீழே ஒரு சிங்கப்பூர் சோடா கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

அதோடு விடவில்லை. போத்தலில் மிஞ்சியதில் வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டு, சோற்றோடு தட்டில் வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டேன். இரண்டாம் முறை போட்டார். அதையும் சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் என்று சொல்லிக்கொண்டேன்.

அம்மா கணவரிடம் மலாயில் ஒன்று சொன்னார். இந்த முறை எனக்கு மலாய் புரிந்தது. ஆனாலும் முத்தையா கண்ணாடியைத் துடைத்தபடி மொழிபெயர்த்தார்.

"வாய்தான் பொய் சொல்லுது, வயிறு மரியாதை தெரிஞ்சதுன்னு சொல்றா. உங்க அப்பா அம்மாவ வரச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து ஆறாவது பக்கத்தைப் படித்தேன். மேலே ஒட்டியிருக்கும் சிப்பியைப் பார்த்து வயது சொல்லாதீர்கள், வெப்பக் கடலில் அது சில மாதங்களிலேயே வளரும் என்று முதல் வரியே இருந்தது.

நாங்கள் கல்யாணம் ஆகி வந்தபோது மாமியார் கொடுத்த சீர் பாத்திரங்களுக்கு நடுவில் அந்தக் கரித்துணியும் மடித்து வைத்திருந்தது. நான் எதையாவது அடித்துப் பேச ஆரம்பித்தால் லெட்சுமி எதிர்த்துப் பேச மாட்டாள். உள்ளே போய் அதை எடுத்துவந்து என் முன்னால் விரிப்பாள். அது நைந்து போனபின் வேறு துணி வந்தது, பழக்கம் போகவில்லை. போன வாரம் புது மருமகனிடம், வாசலில் நிற்கும் மாமரத்துக்கு என்ன வியாதி என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். இந்தக் கதையை யாரும் முழுதாகச் சொல்லியிராத என் எட்டு வயதுப் பேத்தி, விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.