முதல் ரெண்டு கரண்டி ஃபுல் ஸ்பீடு

இனி என் மச்சான் ஹயாத் பாஷா முன்னால் ஒரு தோப்புக்கரணம்கூடப் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஆண்பிள்ளை என்று பிறந்தால் ஒரு முடிவாவது எடுக்க வேண்டும். கல்யாணமான பதினோரு வருஷத்தில் இதுதான் என் முதல் முடிவு. வருஷம் 2009.

நடந்தது இதுதான். டாக்டர் என் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "சுகர் பார்டர்ல நிக்குது" என்றார். பார்டரில்தானே நிற்கிறது, உள்ளே வரவில்லையே என்று நான் சந்தோஷப்பட்டேன். என் மனைவி ஷமீமா அழுதாள். அழுது முடித்ததும் ஷார்ஜாவில் இருக்கிற அவள் அண்ணனிடம் சொன்னாள். அவர் அங்கே ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மூன்று மாதம் ஜிம்முக்குப் போனவர் முப்பது வருஷம் வைத்தியம் பார்த்தவரைவிட ஆபத்தானவர். தினமும் சாயந்திரம் ஏழு மணிக்கு வீடியோ சாட்டில் வந்துவிடுவார். நான் கேமரா முன்னால் நிற்க வேண்டும். காதைப் பிடித்துக்கொண்டு பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும்.

"மச்சான், முட்டி மடங்கவே இல்ல."

"மடங்குச்சுன்னா திரும்ப நிமிராது மச்சான்."

"அதெல்லாம் நிமிரும். போடுங்க. ஷமீமா, நீ எண்ணுமா."

ஷமீமா எண்ணுவாள். ஏழு சொன்னபிறகு மறுபடி ஆறு சொல்வாள். "இன்னாடி அநியாயம்?" என்றால், "இப்ப பாதிதான் உக்காந்தீங்க, அதான் கழிச்சேன்" என்பாள்.

ஆனால் அண்ணனும் தங்கையும் ஒன்றை மறந்துவிட்டார்கள். நான் யார்? கும்மிடிப்பூண்டி முழுக்க வீடு வீடாக பிராட்பேண்ட் கொடுக்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் நியாஸ். எந்த வீட்டுக்கு எவ்வளவு வேகம் என்பது என் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. நோட்டீஸில் 'அன்லிமிடெட்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கொஞ்சம் அதிகமாக உபயோகிக்கிறவர் லைனைப் பிடித்து இறுக்குவதுதான் என் உத்தியோகம். சினிமா டவுன்லோடு செய்கிறவருக்கு ஒரு இறுக்கு. சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வந்து அக்கடா என்று வீடியோ பார்க்க உட்காருகிறவருக்கு ஒரு இறுக்கு. ஊரையே இறுக்குகிறவன் சொந்த வீட்டை இறுக்கக்கூடாதா?

இறுக்கினேன். சாயந்திரம் ஏழு முதல் எட்டு வரை வீடியோ மட்டும் நத்தை வேகம்.

அன்றைக்குச் சாயந்திரம் மச்சான் வாயைத் திறந்தபடியே பதினொரு நிமிஷம் நின்றார். கொட்டாவியா, கோபமா என்று கடைசிவரை தெரியவில்லை. ஷார்ஜாவில் என் நிலைமை இன்னும் அருமை. நான் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து, முகம் கழுவி, சமோசா தின்று, ஏப்பமும் விட்டாயிற்று. அவர் திரையில் நான் இன்னும் பாதி உட்கார்ந்த நிலையிலேயே இருந்தேனாம். "மச்சானுக்கு இடுப்பு பிடிச்சிக்கிச்சு, தூக்கி விடும்மா!" என்று போனில் பதறினார்.

மறுநாள் காலை ஆபீஸ் போன் அடித்தது. எங்கள் ஆபீஸில் கஸ்டமர் கேருக்கென்று தனி ஆள் கிடையாது. போனுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் கஸ்டமர் கேர். எடுத்தால் ஷமீமா! சட்டென்று மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்தி வாசிக்கிற தமிழுக்கு மாறினேன்.

"வணக்கம். வாடிக்கையாளர் சேவை. பூவராகவன் பேசுகிறேன்."

"சார், எங்க ஊட்ல நெட்டு படுத்துக்கினு கீது சார். ஒரே பேஜாரு."

"தங்களுடையது அன்லிமிடெட் திட்டம் அம்மா. அளவே கிடையாது."

"அளவு இல்லன்னா இன்னாத்துக்கு சார் மெதுவா வருது?"

"எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வேகத்துக்கு மட்டும்தான் அளவு. முதலில் கொஞ்சம் முழு வேகத்தில் வரும். அப்புறம் சொட்டுச் சொட்டாக வரும். ஆனால் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் நிறுத்தவே மாட்டோம்."

"மத்ததெல்லாம் ஜோரா வருது. வீடியோ மட்டும் ஏன் சார் இழுக்குது?"

"அது கனமான சரக்கு அம்மா. கனமானதை மெதுவாக விடுவோம், லேசானதை வேகமாக விடுவோம். சாயந்திரம் எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம் இல்லையா, அப்போது இன்னும் மெதுவாக விடுவோம். அப்படிச் செய்தால்தான் எல்லோருக்கும் நியாயமாகக் கிடைக்கும்."

"இன்னா நியாயம்னு யார் சார் முடிவு பண்றது?"

"கம்பெனிதான்."

"கஸ்டமர ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?"

"கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்களே அம்மா!"

இவ்வளவையும் மூக்கைப் பிடித்தபடி பேசியது மூக்குக்கே பொறுக்கவில்லை. கட்டடம் அதிர ஒரு தும்மல் போட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

"யர்ஹமுக்கல்லாஹ்" என்றாள் ஷமீமா.

தும்மினவர் அதைச் சொல்வதும், கேட்டவர் இதைச் சொல்வதும் எங்களுக்குப் பால்குடி மறந்த நாளிலிருந்து உள்ள பழக்கம். பூவராகவனுக்கு எப்போதிலிருந்து அந்தப் பழக்கம் என்று அவள் கேட்கவில்லை. "ரொம்ப நன்றி சார், நல்லா வெளங்கிச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள். கவனிக்கவில்லை போலும். அல்லாஹ் காப்பாற்றினான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தால் தெருமுனைவரை இறால் பிரியாணி வாசனை. ஷமீமா பழவேற்காட்டுப் பெண். அவள் எறா பிரியாணிக்காக நான் இன்னும் நூறு வருஷம் உயிரோடிருக்கத் தயார். இரண்டு கரண்டி மளமளவென்று விழுந்தது. ஒரே மூச்சில் காலி செய்துவிட்டுத் தட்டை நீட்டினேன். ஒரு சோற்றுப் பருக்கை விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"இன்னாம்மா இது?"

"பிரியாணி. அன்லிமிடெட்டு. எவ்ளோ வேணா சாப்டுங்க. மொதோ ரெண்டு கரண்டி ஃபுல் ஸ்பீடு. அப்பால இப்டித்தான் வரும்."

"எறா எங்க?"

"அது கனமான சரக்குங்க. மெதுவாத்தான் வரும். கேவுரு கூழு லேசானது, அது வேகமா வரும். ஊத்தட்டா?"

கேழ்வரகுக் கூழை ஊற்றினாள். சொன்னபடியே படுவேகமாக வந்தது.

சாயந்திரம் சமோசா கேட்டேன். "எல்லாரும் ஊட்ல கீற நேரம், நெரிசலு" என்றாள். வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். எதிர்த்துக் கேட்கலாம் என்றால், கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பதில் நான் சொல்லிக்கொடுத்ததாகவே இருந்தது. காலையில் இட்லி முதல் இரண்டு உடனே வந்தது. மூன்றாவது இட்லி நான் ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகு டிபன் பாக்ஸில் வந்தது.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பச்சையப்பன் என்னைப் பார்த்ததும் நெளிந்தார்.

"பாய், ஒரு பரோட்டா ஒடனே தரேன். ரெண்டாவதுக்கு முக்கா மணி நேரம் ஆவும்."

"கல்லு மேலயே பத்து கீதேப்பா!"

"கீது பாய். அக்கா போன் பண்ணி ஏதோ பாலிசின்னாங்க. எனக்கும் அந்தக் கம்பெனி நெட்டுதான். அவங்க சொன்னதுல தப்பு ஒண்ணும் தெரியல."

இருபது நாள் தாங்கினேன். பேண்ட் என்னைவிட்டுக் கீழே போகப் பார்த்தது. இருபத்தொன்றாம் நாள் ஆபீஸ் போனதும் முதல் வேலையாக என் வீட்டு லைனைத் தளர்த்தினேன். இருந்த வேகத்தையெல்லாம் திறந்துவிட்டேன். சாயந்திரம் வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னேன்.

"நெட்டு சரியாயிடுச்சாம். பூவராகவன் சொன்னாரு."

"அவரா? நல்ல மனுசன். தும்முனா அல்ஹம்துலில்லாஹ்னு சொல்றாரு."

நான் சுவரைப் பார்த்தேன். சுவர் உதவிக்கு வரவில்லை.

"அப்ப... மொதல்லயே தெரியுமா? தெரிஞ்சிகினு ஏன் என்னத் திட்டல?"

"திட்டுனா ஒரு நாள் கேப்பீங்க. மறாநாள் வேற வழி கண்டுபிடிப்பீங்க. ரெண்டு மாசம் தோப்புக்கரணம் போட்டு ஒரு கிலோ கொறஞ்சுதா? இப்ப ஆறு கிலோ கொறஞ்சிக்கீது. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் இன்னாங்க பண்ணுவேன்?"

அவள் குரல் உடைந்துபோயிற்று. இப்படிப்பட்ட ஒருத்தியின் லைனையா இறுக்கினேன் என்று வெட்கமாக இருந்தது. அந்த நெகிழ்ச்சியிலேயே கேட்டால் கிடைக்கும் என்று தோன்றியது.

"நான் லிமிட்ட எடுத்துட்டேன். நீயும் எடுத்துடேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓடிக்கினு கீற பாலிசிய எந்தக் கம்பெனியாவது எடுக்குமா?" என்றாள்.

மணி ஏழு. கம்ப்யூட்டர் கூப்பிட்டது. திரையில் ஹயாத் பாஷா, மீசை முடி எண்ணுகிற அளவுக்குத் தெளிவாக வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"மாஷா அல்லாஹ்! நல்லா எளைச்சிட்டீங்க மச்சான். இந்த ஒடம்புக்குப் பத்து எந்த மூலைக்கு? இன்னிலேருந்து இருபது போடுங்க."