அரையாண்டு அண்ணனுக்கு நடத்தாத பாடம்

மதுரை ஜில்லாவிலேயே தன் அறிவு எந்தப் பக்கத்தோடு நிற்கிறது என்று துல்லியமாகச் சொல்லத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் அரையாண்டு அண்ணன்தான். தெரியாததையும் சேர்த்துப் பேசுவதே வழக்கமாகிப்போன அந்த எழுபதுகளில், அவர் படித்ததைத் தவிர ஒரு சொல் கூடப் பேசியதில்லை.

காளவாசலுக்குப் பின்னால், ஓர் ஆரம்பப் பள்ளிக்கு எதிரே அவருடைய சைக்கிள் கடை. மாடியில் என் அறை. மில் ஆபீசில் குமாஸ்தா வேலை எனக்கு. கடைக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. பஞ்சர் ஒட்ட டியூபைச் சூடுகாட்டும் அடுப்பில் பழைய டயர்த் துண்டுகளைப் போட்டு எரிப்பார். பசுமலையிலிருந்து பார்த்தால் காளவாசலில் ரயில் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அஞ்சாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை லீவில், "சும்மாதானே இருக்கான், தொழில் பழகட்டும்" என்று அவருடைய அப்பா ஒரு சைக்கிள் கடையில் கொண்டுபோய் விட்டாராம். அந்த லீவு அப்புறம் முடியவே இல்லை. ஆகவே அஞ்சாம் வகுப்புப் புத்தகத்தின் முன்பாதி அண்ணனுக்குத் தலைகீழ்ப் பாடம். பின்பாதி கும்மிருட்டு.

"இதயம்ங்கிறது நாலு ரூம்பு தம்பி. ரூம்புக்கு ரூம்பு வால்வு. நம்ம டியூப் வால்வு மாதிரித்தேன், உள்ள போனது திரும்பாது" என்று காற்றடிக்க வந்தவனைப் பிடித்து நிறுத்தி விளக்குவார்.

"கிரகணம் எப்படிண்ணே பிடிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள்.

"அது பொங்கலுக்குப் பெறகு உள்ள பாடம். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

வாடகைக்கு எடுத்த சைக்கிளின் ரிம்மை அப்பளமாக வளைத்துக் கொண்டுவந்து நிறுத்துவான் ஒருவன். அண்ணன் சிரித்துக்கொண்டே வாங்கி வைப்பார். எனக்குத்தான் வயிறு எரியும். "அண்ணே, இம்புட்டு நட்டத்த எப்படிண்ணே தாங்குறீங்க?"

"லாபம் நடத்துனாங்க தம்பி. நட்டம் நடத்துறதுக்குள்ள எங்கய்யா நிப்பாட்டிட்டாரு. எனக்கு அது தெரியாது."

கடையின் பின்கட்டுதான் வீடு. அண்ணன் மனைவி, எங்கள் மதினிக்கு, மூச்சிழுப்பு. ஒரு மழைக்காலத்தில் படுக்கவே முடியாமல் சுவரில் சாய்ந்தபடி கிடந்தார். டாக்டரிடம் கூட்டிப்போனோம். மதினியின் முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "நுரையீரல்" என்றார்.

அண்ணனின் முகம் காற்று இறங்கிய டியூபாகிப்போனது. "நுரையீரலா? அது நடத்தலையே!"

"உங்களுக்கு எதுக்குய்யா நடத்தணும்? மாத்திரையக் குடுங்க, போதும்."

அண்ணனுக்குப் போதவில்லை. மறுநாள் எதிர்ப் பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையில், அஞ்சாம் வகுப்பு வரிசையின் கடைசியில், பொடிசுகளுக்குப் பின்னால் தந்திக்கம்பம் மாதிரி நின்றார். மீசையெல்லாம் முறுக்கி விட்டிருந்தார்.

தலைமையாசிரியர் ஓடிவந்தார். "யோவ், என்னய்யா இது?"

"லீவு முடிஞ்சிருச்சு சார். வந்துட்டேன்."

விரட்டினார். அண்ணன் போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் மழை. குடை பிடித்துக்கொண்டு நின்றார். "சார், புதுப்பையன் எங்களுக்குக் குடை தரமாட்டேங்கிறான் சார்!" என்று புகார் வேறு போனது. கடைசியில் அஞ்சாம் வகுப்பு எஸ்தர் டீச்சர்தான் குறுக்கே வந்தார். "அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் உக்காரட்டும் சார். எனக்கு மாடல் செஞ்சு தர்றேங்குறாரு."

பொங்கல் கழிந்து அந்த நாள் வந்தது. ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நான் பள்ளியின் அரைச்சுவருக்கு வெளியே நின்றேன். அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கடைசி வரிசையில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருந்தார். மடியில் டீச்சர் சொன்னபடி செய்த மாடல்: அடி வெட்டிய ஒரு பாட்டில். உள்ளே இரண்டு பலூன். அடியில் சைக்கிள் டியூப் ரப்பர் இழுத்துக் கட்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். சொல்லாமல் கொள்ளாமல்!

"கடைசியில யாரது?"

தலைமையாசிரியருக்கு மூச்சே நின்றுவிட்டது. பிள்ளைகள் கோரஸாக, "அரையாண்டு சார்!" என்றார்கள்.

"பாடத்துக்கு மாடல் செஞ்சிருக்கார் சார்" என்று டீச்சர் சமாளித்தார்.

"அப்படியா? நுரையீரல் எப்படி வேலை செய்யுது, நீங்களே சொல்லுங்க."

வேறு யாராக இருந்தாலும் எதையாவது உளறித் தப்பித்திருப்பார்கள். அண்ணன் எழுந்து கைகட்டினார். "இன்னும் நடத்தல சார். நீங்க செத்த நேரம் உக்காந்தீங்கன்னா டீச்சர் நடத்திருவாக."

இன்ஸ்பெக்டர் குலுங்கிச் சிரித்துவிட்டு, நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் ரப்பரைக் கீழே இழுத்தார். பலூன்கள் உப்பின. விட்டார், சுருங்கின. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே தானும் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். பிறகு கையைத் தூக்கினார்.

"டீச்சர், நல்ல காத்து போகாம, புகை போச்சுன்னா?"

"உள்ள கரி படியும். மூச்சு முட்டும்."

தூக்கிய கை இறங்கவில்லை. தலை மட்டும் மெதுவாகத் தெருப்பக்கம் திரும்பியது. எதிரே அவருடைய அடுப்பில் டயர் புகைந்துகொண்டிருந்தது. கரும்புகை சுருண்டு சுருண்டு நேரே பின்கட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

டீச்சர், இன்ஸ்பெக்டர் என்று யாரையும் கேட்கவில்லை அண்ணன். அரைச்சுவரைத் தாண்டிக் குதித்து ஓடி, பஞ்சர் பார்க்கும் தொட்டித் தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்தார். சத்தம் கேட்டு வெளியே வந்த மதினி, அவர் கண் கலங்கி நிற்பதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"என்னங்க, பள்ளிக்கூடத்துல அடிச்சிட்டாகளா?"

"இல்ல புள்ள. பாடம் புரிஞ்சிருச்சு."

அந்த வாரமே வீட்டைப் பின்கட்டிலேயே விட்டுவிட்டு, கடையை மட்டும் தூக்கிக்கொண்டு சமயநல்லூர் ரோட்டோரம் ஒரு புளியமரத்தடிக்குப் போய்விட்டார். அங்கே ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. டயரை எரிப்பதையும் விட்டு, புகையாத அடுப்புக்கரிக்கு மாறிவிட்டார். மதினிக்கு இழுப்பு அடியோடு போய்விடவில்லை. ஆனால் உட்கார்ந்தே தூங்கியவர் படுத்துத் தூங்க ஆரம்பித்தார்.

ஒருநாள் மரத்தடிக்குப் போனேன். ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, காளவாசல்ல எம்புட்டு யாவாரம்! இங்க வந்தது நட்டந்தானண்ணே?"

பம்பைத் துடைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"நட்டமா? அது நடத்தல தம்பி."

நான் நட்டக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவன். அந்த மனுஷனுக்கு மட்டும் அதை நடத்த எனக்கு மனசு வரவில்லை.