ஒரு பாயிண்ட் கம்மி பண்ணிடலாம்

திருவண்ணாமலையில் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. கண்ணீர் விடுகிறவர்கள் உண்டு. மலையைப் பார்த்து, "இன்னைக்கு நீலம் ஜாஸ்தி" என்று குறை சொன்னவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் 'ஒரு பாயிண்ட்' அண்ணன்.

வேங்கிக்காலில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்துக்கு எதிரே அவருடைய போட்டோ கடை. செல்போனில் எடுத்த படத்தை வாட்ஸப்பில் அனுப்பினால் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார். கொடுப்பார் என்றா சொன்னேன்? தப்பு. பிரிண்டைக் கொடுக்க மனம் வராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, கோழி மாதிரி தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "செவப்பு தூக்குது சார். ஒரு பாயிண்ட் கம்மி பண்ணிடலாம்" என்று உள்ளே போவார். புதுப் பிரிண்டோடு வருவார். "இப்ப பச்சை எட்டிப் பாக்குது. அதையும் ஒரு பாயிண்ட்..." என்று மறுபடி உள்ளே போவார். பாஸ்போர்ட் சைஸ் படம் வாங்க வந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டு, கடைசியில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதையே மறந்து நிற்பார்கள்.

அவரிடம் கால் மணி நேரம் பேசினால் நான் போட்டிருக்கிற சட்டை என்ன நிறம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

கடையின் அமைப்பும் அப்படி. உள்ளே டியூப்லைட். மேசைக்கு மேல் மஞ்சள் பல்பு. வாசலில் நீலத் தார்ப்பாய். ஒரே படம் டியூப்லைட்டில் பச்சையாகவும், பல்புக்கடியில் மஞ்சளாகவும், வாசலுக்கு வந்தால் நீலமாகவும் தெரியும். எது நிஜம் என்று கேட்டால், "இது எதுவுமே இல்ல சார். வெயில்ல வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து நடுரோட்டுக்கு இழுத்துப் போவார்.

ஒருநாள் அப்படி நின்றபோது டவுன் பஸ் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. "யோவ், நடுரோட்ல என்னய்யா பண்ற?" என்று கத்தினார் டிரைவர். அண்ணன் அசரவில்லை. ஜன்னல் வழியாகப் படத்தை நீட்டினார்.

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணே. இந்தப் பொண்ணு மொகம் மஞ்சள் அடிக்குதா?"

டிரைவர் கோபத்தை மறந்து படத்தை உற்றுப் பார்த்தார். "கன்னத்துல லேசா அடிக்குது."

"மஞ்சள் எங்க இருக்கு? நீலம்தான் தெரியுது" என்றார் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த கண்டக்டர். பஸ்ஸில் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பின்னால் நாலு வண்டி நின்ற பிறகுதான் படம் திரும்பி வந்தது.

"அண்ணா, அந்தத் தார்ப்பாயைக் கழட்டிட்டா பாதிக் குழப்பம் தீருமே" என்றேன் நான்.

"கழட்டினா கடைக்குள்ள வெயில் அடிக்குமே சார்" என்றார். வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்று சொன்ன மனிதர் இவர்தானா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு விவசாயி வந்த கதையையும் சொல்ல வேண்டும். மனைவியோடு தன் நெல் வயலில் நின்று எடுத்த படத்தைக் கொண்டுவந்திருந்தார். பிரிண்டில் மனிதர் முகம் மிளகாய்ப் பழமாக வந்தது.

"என்னா இது, குடிச்சிட்டு நிக்கிற மாதிரி இருக்க?" என்றார் கூட வந்திருந்த மனைவி.

அவருக்குக் கவலை வேறு. "எம் மூஞ்சி எப்படினா போவட்டும். பயிர் வாடின மாதிரி இருக்குதே. யூரியாகூட போடாம வெச்சிருக்கான்னு ஊர்ல பேசுவாங்க."

"பயிர் மேல தப்பு இல்லீங்க, மெஷின் மேலதான் தப்பு" என்றார் அண்ணன். "படம் முழுக்கப் பச்சையா இருந்தா மெஷின் பயந்துடும். ஏதோ கோளாறுன்னு நெனச்சு, அதுவா செவப்பை அள்ளிக் கொட்டிடும். அது தானா திருத்துறத நிறுத்திட்டா சரியாயிடும்."

நிறுத்தினார். சரியாகிவிட்டது. ஆனால் விவசாயிக்கு இன்னும் கொஞ்சம் பச்சை தேவைப்பட்டது. "வயல்ல எவ்ளோ இருந்துச்சோ அவ்ளோதான் போடுவேன்" என்றார் அண்ணன்.

"நீ வந்து பாத்தியா?" என்று கேட்டுவிட்டார் விவசாயி.

வேறு யாராவது என்றால் முனகிக்கொண்டே இன்னொரு பிரிண்ட் போட்டிருப்பார்கள். இவர் மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினார். வயல் வரப்பில் நின்று படத்தையும் பயிரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்பி வந்தார். "அவரு சொன்னது கரெக்ட்டு சார். நான்தான் ஒரு பாயிண்ட் கம்மியா போட்டுட்டேன்" என்றபோது பரீட்சையில் தோற்றவர் போலிருந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு புது வழக்கம் தொற்றிக்கொண்டது. நிறம் பற்றி யார் வாய் திறந்தாலும், "நிஜத்தை எடுத்துட்டு வாங்க, ஒப்பிட்டுப் பாத்துடலாம்" என்பார். ஜனங்களும் எடுத்து வந்தார்கள். பட்டுப்புடவை வந்தது. கத்திரிக்காய் வந்தது. ஒருநாள் கடை வாசலில் ஒரு செவலைக் கன்றுக்குட்டி கட்டியிருந்தது. கல்யாண ஆல்பம் வாங்க வந்த ஒருவர் மணப்பெண்ணையே ஸ்கூட்டரில் கூட்டி வந்து நடுவெயிலில் நிற்க வைத்தார். அந்தப் பெண் வெட்கத்தில் சிவந்துபோக, "அம்மா, கொஞ்ச நேரம் வெக்கப்படாம இரு, கலர் மாறுது" என்று அதட்டினார் அண்ணன்.

எல்லாரும் எல்லாவற்றையும் தூக்கி வர முடியாது அல்லவா? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். விபூதி.

"நம்ம ஊர்ல முக்காவாசிப் பேரு நெத்தியில விபூதி இருக்கு சார். விபூதிக்குன்னு தனியா கலர் கெடையாது, வெள்ளை. படத்துல அது வெள்ளையா வந்துடுச்சுனா மொகம், சட்டை, செவுரு எல்லாம் தானா சரியா வந்துடும்" என்பார். படத்தில் விபூதியைப் பெரிதாக்கி, அது வெள்ளையாகும் வரை பாயிண்ட் பாயிண்டாகக் குறைப்பார். விபூதி பூசாதவர்களுக்கும் மாற்று உண்டு. சர்ச் ஸ்கூல் டீச்சர் ஒருவர் கையில் சாக்பீஸைக் கொடுத்து, மோவாய்க்குக் கீழே பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். அந்த அம்மாள் எதற்கு என்று புரியாமலே கடைசி வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

இதையெல்லாம் நான் அலுவலகத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான், என் முறை வரும் வரைக்கும்.

என் அப்பா திடீரென்று போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிய படமாக வைக்க வேண்டும். அப்பாவுக்கு கேமராவைக் கண்டாலே முகம் கல்லாகிவிடும். அவர் சிரித்தபடி இருந்தது ஒரே ஒரு படத்தில்தான். உறவினர் கல்யாணத்தில், பச்சை ஷாமியானாவுக்குக் கீழே, நான் செல்போனில் எடுத்தது. அதில் ஷாமியானாவின் பச்சையெல்லாம் அவர் முகத்தில் இறங்கியிருந்தது.

காரியத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அண்ணன் கடைக்குப் போனேன். மொட்டைத் தலையை மறைத்துத் துண்டு கட்டியிருந்தேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பச்சை பயங்கரமா அடிக்குது சார். பெரியவரு இங்கதான இருக்காரு? நாளைக்கு ஒரு எட்டு கூட்டிட்டு வாங்களேன், பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாத்துடலாம்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். என் தலைத்துண்டைப் பார்த்தார். பிறகு திரையில் சிரித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க சார்" என்றார். என்னிடம் இல்லை, அவரிடம்.

"சட்டையாவது இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அந்தச் சட்டையைப் போட்டுத்தான் அனுப்பினோம்."

"பரவால்ல. நெத்தியில விபூதி இருக்கு" என்று உட்கார்ந்தார். விபூதியைப் பெரிதாக்கினார். பச்சை போனது. விபூதி பளிச்சென்று வெள்ளையானது. "இனிமே தப்பு வராது" என்று பிரிண்டைக் கையில் கொடுத்தார். எனக்கு என்னவோ போல இருந்தது. ஆனாலும் இத்தனை நாள் பழக்கத்தில் என் கண்ணையே நம்பாமல் வாங்கிக்கொண்டேன்.

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் அம்மா அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இது வேணாம்டா. ஐஸ் பெட்டியில பாத்த மாதிரியே இருக்காரு." அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. முகம் முழுக்க ஒரு நீலம். சிரிக்கிற அப்பா, குளிரில் சிரித்தார்.

அண்ணனுக்கு போன் செய்தேன். விபூதி வெள்ளையாக இருக்கும்போது முகம் எப்படி நீலமாகும் என்று அவருக்கு விளங்கவில்லை. மறுநாள் காலை எட்டு பிரிண்டுகளோடு வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் வெயிலில் பாய் விரித்து எட்டு அப்பாக்களையும் வரிசையாக வைத்தார்.

"அவரு என்னா கலர்மா?" என்று விசாரணையை ஆரம்பித்தார்.

"மாநெறம்" என்றாள் அம்மா.

"எங்க அண்ணன் நல்ல செவப்பு" என்றாள் அத்தை.

"மச்சான் கருப்புதான், சும்மா சொல்லாத" என்றார் மாமா. காரிய வீடு என்பதையும் மறந்து இருவரும் சண்டைக்குப் போனார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் யோசித்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த முகம். என்ன நிறம் என்று சொல்லத் தெரியவில்லை. ஷாமியானாவும் டியூப்லைட்டும் இல்லாத இடத்தில் ஒருநாளாவது அவரை நின்று பார்த்திருக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அண்ணன் பாயில் குனிந்து, பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்துத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். "விபூதி வெள்ளையா வந்துடுச்சே. அப்புறம் எதுக்கு நீலம்?"

"அவரு விபூதி எப்ப தம்பி வெள்ளையா இருந்துச்சு?" என்றாள் அம்மா.

அண்ணன் நிமிர்ந்தார்.

"சந்தனத்தை ஒரசிக் காயவெச்சு, பொடி பண்ணி விபூதியில கலந்துல்ல வெப்பாரு. லேசா மஞ்சளா இருக்கும். வாசனையா இருக்கும்."

அண்ணன் பாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எட்டு அப்பாக்களில் இருவர் அவருக்கு அடியில் நசுங்கினார்கள். மஞ்சள் விபூதியை வெள்ளையாக்குகிறேன் என்று, அப்பா முகத்தில் இருந்த மஞ்சளையும் சேர்த்துத் துடைத்து, நீலத்தை ஏற்றியிருக்கிறார். அவருடைய ஒரே சட்டம் எங்கள் வீட்டு வாசலில் உடைந்துபோனது.

"இத்தினி வருஷமா எத்தினி பேரை இப்படி நீலமாக்கினேனோ" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அம்மா உள்ளே போய் அப்பாவின் விபூதி டப்பாவை எடுத்து வந்தாள். பாதி டப்பா அப்படியே இருந்தது. அண்ணன் இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் கொட்டி வெயிலில் வைத்துப் பார்த்தார். பிறகு டப்பாவைச் சட்டைப் பைக்குள் வைத்து, வண்டியில் போகும்போது ஒரு கையால் அதைப் பிடித்தபடியே என் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

கடையில் மஞ்சள் பல்பை அணைத்தார். வெளியே போய் ஸ்டூல் போட்டு ஏறி, தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தார். கடைக்குள் வெயில் அடித்தது. டப்பாவைத் திறந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வெயில் விழும் இடத்தில் வைத்து, "வாங்க சார், உக்காருங்க" என்றார், டப்பாவைப் பார்த்து.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்பதில் இன்றும் குழப்பம்தான்.

படத்து விபூதியும் டப்பா விபூதியும் ஒன்றாகும் வரை, மஞ்சளை ஒவ்வொரு பாயிண்டாக ஏற்றிக்கொண்டே போனார். நீலம் விலக விலக, அப்பா வந்துகொண்டே இருந்தார். அன்று மாலை அம்மா அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இதான். இதான் அவரு" என்று மட்டும் சொன்னாள். அத்தையும் மாமாவும் எட்டிப் பார்த்து, "நான்தான் சொன்னேனே" என்றார்கள், இருவருமே.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் அண்ணனின் முதல் கேள்வி, "விபூதியில என்னா கலப்பீங்க?" என்பதாகிவிட்டது. பதில் தெரியாமல் ஜனங்கள் விழித்தார்கள். தார்ப்பாய் மறுநாளே பழைய இடத்துக்குப் போய்விட்டது.

சில மாதம் கழித்து எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று, கடை வாசலில் நின்றிருந்த அவரைச் செல்போனில் படம் எடுத்து, பிரிண்ட் போடச் சொன்னேன். தன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

"எனக்கு எங் கலரே தெரியல சார்" என்றார். "தார்ப்பாய் நீலம் மொகத்துல அடிச்சிருக்கு பாருங்க. இருங்க, ஒரு பாயிண்ட் கம்மி பண்ணி..."

நான் படத்தைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "வேணாம்ணா. எனக்குத் தெரிஞ்ச நீங்க இந்தக் கலர்தான். ஒரு பாயிண்ட்கூட மாத்தாதீங்க."